மாமை முதல் முகப்பூச்சு வரை: நிற அழகின் சமூக அடிப்படை பற்றிச் சில குறிப்புகள்

‘கறுப்பென்றாலும் களையான பிள்ளை’ என்பது யாழ்ப்பாணத்து மணப்பேச்சுக்களில் இன்றும் கேட்கக்கூடிய ஒரு தொடராகும். பெண்ணைப் புகழும் நோக்குடனேயே இது கூறப்படுகின்றது. கூறுபவரும் பெரும்பாலும் நல்லெண்ணம் உடையவரே. ஆயினும் இத்தொடரின் நடுவே நிற்கும் ‘என்றாலும்’ என்ற சொல் ஊன்றி நோக்கத்தக்கது. கறுப்பு ஒரு குறை; களை அக்குறையை ஈடுசெய்யும் நிறை; ஈடுசெய்யப்பட்ட பின்னரும் குறை குறையே என்னும் முழுத் தீர்ப்பும் அச்சொல்லில் அடங்கியுள்ளது. ‘வெள்ளையென்றாலும் களையான பிள்ளை’ என எவரும் கூறக் கேட்டிலோம்.

வெள்ளை, சிவலை, பொது நிறம், கறுப்பு என மணப்பேச்சில் வழங்கும் சொற்கள் வெறும் வருணனைகள் அல்ல. அவை ஒரு படிவரிசை. அப்படிவரிசையிற் பெண் நிற்கும் இடத்திற்கேற்பச் சீதனத்தின் அளவு கூடியும் குறைந்தும் பேசப்படுவதை நம்மிற் பலர் அறிவோம். எனவே நிறம் இங்கே கண்ணுக்குரிய விடயம் மட்டுமன்று; பெறுமானம் ஒன்றினைக் குறிக்கும் அளவுகோலுமாகும்.

இவ்வளவுகோல் எவ்வாறு தோன்றியது என்ற வினாவுக்கு இரண்டு விடைகள் பொதுவாகக் கூறப்படுகின்றன. வெண்மையை விரும்புதல் மனித இயல்பு என்பது ஒன்று. வெள்ளையராட்சியே அனைத்துக்கும் காரணம் என்பது மற்றொன்று. முதலாவது வரலாற்றை மறுக்கின்றது. இரண்டாவது வரலாற்றைச் சுருக்குகின்றது. அழகு பற்றிய கருத்துக்கள் குறித்த சமூக உறவுகளிலிருந்து எழுவன என்பதையும், இன்று அவற்றைப் பேணி வளர்ப்பது இலாபம் கருதும் சந்தையே என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முயல்வோம்.

(1)

நம்மிடமுள்ள மிகப் பழைய இலக்கியச் சான்றுகளிலிருந்து தொடங்குதல் பொருத்தமானது. சங்கச் செய்யுட்களிற் பெண்ணின் மேனி வனப்பைக் குறிக்கும் சொற்களுள் முதன்மையானது ‘மாமை’. உரையாசிரியர்கள் இதனை மாந்தளிரின் நிறம் என விளக்குவர். செம்மையும் கருமையும் கலந்த இளந்தளிரின் மினுமினுப்பே இங்குக் கருதப்படுவது. தலைவியை ‘மாயோள்’ எனச் சுட்டும் வழக்கும் குறுந்தொகை முதலிய தொகைகளில் உண்டு. அச்சுட்டுக்கு முன்னோ பின்னோ ‘என்றாலும்’ என்ற பொருளிற் சொல் எதுவும் வருவதில்லை.

இதற்கு எதிர்நிலையில் நிற்பது ‘பசலை’. பிரிவுத் துயரால் மேனி வெளிறிப் பீர்க்கம்பூப் போல மஞ்சள் பூத்தலே பசலையாகும். வெள்ளிவீதியாரின் புகழ்பெற்ற குறுந்தொகைப் பாட்டிலே, தனது மாமை தனக்கும் உதவாது தலைவனுக்கும் பயன்படாது பசலைக்கு உணவாகின்றதே எனத் தலைவி வருந்துகிறாள். திருக்குறளின் 119 ஆம் அதிகாரம் முழுவதும் பசலையின் துன்பத்தையே பேசுகின்றது. நிறம் வெளிறுவது இங்கே அழகின் வருகை அன்று, அழகின் அழிவு. இன்று விலை கொடுத்து வாங்கப்படும் வெளிறலை அன்றைய தலைவி நோயெனக் கருதினாள்.

ஆயினும் சங்கச் செய்யுட்கள் கருமையை மாத்திரமே போற்றின என நாம் கூறவில்லை. பொன்னிறச் சுணங்கும் பொன்னொத்த மேனியும் அச்செய்யுட்களிற் பாராட்டப்படுகின்றன. பழமையைப் பொற்காலமாக்கி அதனுள் நமது விருப்பங்களைப் புகுத்துவது ஆய்வு நெறியன்று. நாம் வலியுறுத்துவது ஒன்றே: மாந்தளிர் நிறம் குறையாக எண்ணப்படாத ஓர் அழகுணர்வு இம்மொழியில் இருந்தது. ஆகவே இன்றைய அளவுகோல் என்றும் உள்ளது என்ற வாதம் நம் இலக்கியத்தினாலேயே பொய்யாகின்றது.

குறுந்தொகை கற்பிக்கும்போது, ‘மாமை’ என்பதற்கு ‘வெண்மை’ எனச் சில மாணவர் பொருள் எழுதியதை நாம் கண்டுள்ளோம். அழகு என்ற பொருள் சூழலிலிருந்து அவர்களுக்குத் தெளிவாயிற்று. அழகு எனின் வெண்மையாகவே இருத்தல் வேண்டும் என்ற முடிபு அவர்கள் வாழும் சமூகத்திலிருந்து வந்தது. இது மாணவரின் அறியாமை மட்டுமன்று. நிகழ்காலம் கடந்தகாலத்தின் சொற்களைக்கூட எவ்வாறு கைப்பற்றிக் கொள்கின்றது என்பதற்கு இது சான்றாகும்.

(2)

குறிஞ்சித் தலைவி தினைப்புனங் காத்தாள். வெயிலில் நின்று கிளி கடிந்தாள். அவளது உழைப்பும் அவளது அழகும் ஒரே பாட்டில் ஒரே இடத்தில் இடம்பெற்றன. உழைப்பு அழகைக் கெடுப்பது என்ற எண்ணம் அங்கே மேலோங்கவில்லை.

நகரமும் வணிகமும் வளர்ந்த சூழலைச் சித்திரிக்கும் சிலப்பதிகாரத்தில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். கடலாடு காதையில் மாதவி நீராடும் நீர், பத்து வகைத் துவரும் ஐந்து வகை விரையும் முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீராகும். அவளது கூந்தல் நறும்புகையில் உலர்த்தப்படுகின்றது. புகாரின் மருவூர்ப்பாக்கத்து வீதிகளிலே வண்ணமும் சுண்ணமும் சாந்தமும் விற்போர் திரிந்தமையை அக்காப்பியமே கூறுகின்றது. ஒப்பனைப் பொருள் பண்டமாகிவிட்டது. அத்தனை சரக்குகளையும் பறித்தும் உலர்த்தியும் இடித்தும் அந்நீரை ஆக்கிய கைகளை அக்காட்சியில் நாம் காண்பதில்லை. ஒப்பனை ஒரு வகுப்பாரின் நுகர்வாகவும், அதன் ஆக்கம் பிறிதொரு வகுப்பாரின் உழைப்பாகவும் பிரிந்துவிட்டமையையே இது உணர்த்துகின்றது.

நிலவுடைமை வேரூன்றிய சமூகங்களில் இப்பிரிவு உடலிலேயே எழுதப்பட்டது. வெயிலில் நின்று உழுவோரின் மேனி கருகியது. நிழலில் இருந்து விளைவை நுகர்வோரின் மேனி வெயில் காணாதிருந்தது. வெளிர் நிறம் ஓய்வின் அடையாளமாகவும், ஓய்வு உயர்வின் அடையாளமாகவும் கொள்ளப்பட்டன. ஐரோப்பாவின் வரலாறு இதற்கு ஒப்புமை தருவது. உழவரே வெயிலில் உழைத்த காலத்தில் அங்கும் வெளிறிய மேனியே உயர்குடியின் சிறப்பு. உழைப்பாளர் தொழிற்சாலைக்குள்ளும் சுரங்கத்துள்ளும் சென்ற பின்னர், ஏறத்தாழ 1920களிலிருந்து, கடற்கரையில் ஓய்வெடுத்து வெயிலிற் பழுத்த மேனி செல்வத்தின் அடையாளமாயிற்று. நிறம் மாறியது, ஓய்வுடையோரின் தோற்றமே அழகு என்ற விதி மாறவில்லை. இயல்பான விருப்பம் என்று கூறுவோர் இம்மாற்றத்திற்கு விளக்கம் தருதல் வேண்டும்.

நமது சமூகத்தில் வர்க்கத்தோடு சாதியும் பிணைந்திருந்தமையால் இவ்விதி மேலும் கடுமையாயிற்று. எல்லாச் சாதியினரிடையேயும் எல்லா நிறத்தவரும் உளர் என்பது கண்கூடு. இருந்தும் கருமையைத் தாழ்வோடும் வெண்மையை உயர்வோடும் இணைக்கும் கருத்துநிலை நிலைபெற்றது. அலங்கரித்துக் கொள்ளுதலும் பொது உரிமையாக இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினர் அரைக்கு மேல் உடுப்பதும் நகையணிவதும் நெடுங்காலம் தடுக்கப்பட்டிருந்தன. முடிதிருத்துவோரும் சலவைத் தொழிலாளரும் குடிமை முறையினால் உயர்சாதி வீடுகளுக்குக் கட்டுண்டிருந்தனர். வீடுவீடாகச் சென்று குடிமை செய்த தொழிலாளி சந்தியிலே சலூன் ஒன்றினைத் திறந்து, வருபவரிடம் கூலி பெற்றுத் தொழில் செய்யத் தொடங்கியது சிறிய மாற்றம் அன்று. அது அடிமைத்தனத்திலிருந்து கூலியுழைப்புக்குச் சென்ற வரலாற்று நகர்வாகும்.

இவ்விடத்தில் ஒரு தெளிவு தேவை. முற்போக்காளர் சிலர் ஒப்பனை யாவற்றையும் வீண் ஆடம்பரம் எனத் தள்ளிவிடுவர். சட்டை அணிந்தமைக்காக அடிக்கப்பட்டவனுக்கு நல்ல சட்டை அணிதல் ஆடம்பரம் அன்று. காதில் தோடணியும் உரிமை மறுக்கப்பட்டவளுக்குத் தோடு வெறும் அணி அன்று. தன் உடலைத் தான் விரும்பியவாறு பேணிக் கொள்ளுதல் மனித மாண்பின் ஒரு கூறு. நமது விமர்சனம் ஒப்பனையின் மீதன்று. ஒப்பனையை முன்பு தடை செய்த அதே சமூக ஏற்றத்தாழ்வு, இன்று அதனைக் கட்டாயமாக்கி விற்கும் முறைமையின் மீதேயாகும்.

(3)

இம்முறைமைக்கு அடித்தளம் இட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சவர்க்கார வாணிபமாகும். நமது வீடுகளிற் பயற்றம் மாவும் அரப்பும் எலுமிச்சங்காயும் நல்லெண்ணெயும் தோய்வதற்குப் பயன்பட்டன. இவை வீட்டிலோ அயலிலோ கிடைத்தவை. பயன்பாட்டுப் பெறுமானம் மட்டுமே கொண்டவை. 1880களில் பிரித்தானியாவிற் பெருந்தொழிலாக வளர்ந்த சவர்க்காரம் இவ்வாறானதன்று. அதன் மூலப்பொருள்களான தேங்காயெண்ணெயும் பனையெண்ணெயும் கொலனி நாடுகளிலிருந்து சென்றன. இலங்கையின் தேங்காயெண்ணெயும் அவற்றுள் அடங்கும். பெல்ஜியக் கொங்கோவில் 1911 இல் பெரும் நிலப்பரப்புக்களிற் சலுகை பெற்ற லீவர் நிறுவனத்தின் பனையெண்ணெய் உற்பத்தி, கட்டாய உழைப்போடு பிணைந்திருந்தமை வரலாற்றாய்வுகளால் நிறுவப்பட்டுள்ளது.

கறுத்த மக்களின் நிலத்தில் விளைந்த எண்ணெய் சவர்க்காரமாகி, கறுப்பைக் கழுவும் பொருளாக விளம்பரம் செய்யப்பட்டது. 1880களில் வெளிவந்த பியர்ஸ் சவர்க்கார விளம்பரமொன்றில், கறுப்புக் குழந்தையொன்று குளித்தெழும்போது கழுத்து வரை வெள்ளையாகி விடுகின்றது. தூய்மை, நாகரிகம், வெண்மை ஆகிய மூன்றும் ஒன்றே என்பது அப்படத்தின் செய்தி. அழுக்கும் நிறமும் ஒன்றெனக் காட்டிய இக்குழப்பம் வெறும் அறியாமையன்று. அது ஆதிக்கத்திற்கு நியாயம் கற்பித்தது. 1888 இல் லீவர் சகோதரரின் சன்லைட் சவர்க்காரம் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கியது. 1929 இல் லீவர் நிறுவனம் ஒல்லாந்து மாஜரீன் நிறுவனமொன்றுடன் இணைந்து யூனிலீவர் ஆகியது. 1938 இல் இலங்கையிலும் அதன் கிளை நிறுவப்பட்டது. நமது தேங்காயெண்ணெய் சென்று சவர்க்காரமாகத் திரும்பி வந்த வழி இதுவே.

சாதியும் நிலவுடைமையும் ஏற்கெனவே விதைத்திருந்த நிறப்பாகுபாட்டின் மீது கொலனித்துவம் தனது இனவாதத்தை ஏற்றியது. ஆளப்படுவோன் ஆள்வோனின் கண்ணாலேயே தன்னைக் காணும் நிலையை பிரான்ஸ் ஃபனோன் 1952 இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்தார். நம் சூழலில் அம்முகமூடி ஒரு சிறு குழாயில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது.

(4)

1975 இல் இந்தியாவில் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சைச் சந்தைப்படுத்தியது. இவ்வகைப் பொருள்கள் அதற்கு முன்னர் இல்லாமலில்லை. பம்பாயில் 1919 இல் தோன்றிய ‘அப்கான் ஸ்னோ’ முன்னோடியானது. ஆனால் நிற மாற்றத்தையே நேரடி வாக்குறுதியாக்கி, நடுத்தர வகுப்பினரையும் உழைக்கும் மக்களையும் நோக்கி வெகுசனச் சந்தையைத் திறந்தது 1975 இல் வந்த பூச்சே. நிறப்படிகள் வரிசையாக அச்சிடப்பட்ட அளவுகோலும் விளம்பரங்களில் இடம்பெற்றது. மணப்பேச்சின் படிவரிசை அச்சேறியது எனலாம்.

உற்பத்தியானது நுகர்வோனுக்குப் பொருளை மட்டும் ஆக்குவதில்லை, பொருளுக்குரிய நுகர்வோனையும் ஆக்குகின்றது என்ற கருத்தை மார்க்ஸ் 1857 இல் எழுதிய அறிமுகக் குறிப்பில் விளக்கினார். முகப்பூச்சு விளம்பரங்கள் இதற்கு எடுத்துக்காட்டாகும். கறுத்த பெண்ணுக்கு வேலை கிடைப்பதில்லை, மகன் இல்லையே எனத் தந்தை ஏங்குகிறார், பூச்சு வருகின்றது, பெண் வெளுக்கிறாள், வேலை கிடைக்கின்றது. வேலையின்மை, ஆணாதிக்கம், வறுமை ஆகியன சமூகப் பிரச்சினைகள். விளம்பரமோ அவற்றைப் பெண்ணின் தோலுக்கு உரியனவாக மாற்றிவிடுகின்றது. சமூகத்தை மாற்ற வேண்டிய இடத்தில் முகத்தை மாற்றுமாறு கூறுகின்றது. அகில இந்திய சனநாயக மாதர் சங்கம் இதனை எதிர்த்து இயக்கம் நடத்தியதன் பின்னரே 2003 இல் அத்தகைய விளம்பரங்கள் விலக்கப்பட்டன.

1980களில் தமிழ்நாட்டில் சம்பூவைச் சிறு பொதிகளில் அடைத்து விற்கும் முறை பரவியது. நாட்கூலி பெறுபவரும் ஒரு வேளைக்குரிய அழகை வாங்கக் கூடியதாயிற்று. முகப்பூச்சுக்களும் இவ்வழியைப் பின்பற்றின. 2005 இல் ஆண்களுக்கெனத் தனிப் பூச்சும் வந்தது. பெண்ணின் சந்தை நிறைந்தபோது ஆணின் முகமும் குறையுள்ளதாக்கப்பட்டமையை இங்கே அவதானிக்கலாம்.

அமெரிக்காவில் ஜோர்ஜ் ஃபிளொயிட் கொலையைத் தொடர்ந்து எழுந்த போராட்டங்களின் அழுத்தத்தால், 2020 இல் இப்பூச்சின் பெயரிலிருந்த ‘ஃபெயார்’ நீக்கப்பட்டு ‘குளோ’ சேர்க்கப்பட்டது. வெண்மை ஒளியாயிற்று. பெயர் மாற்றம் பயனற்றதன்று. நிறத்தை வெளிப்படையாக இழிவுசெய்ய முடியாத நிலையை மக்கள் இயக்கங்கள் தோற்றுவித்துள்ளன. ஆனால் சொல் மாறியதனால் வேட்கை மாறிவிடவில்லை. அந்த ஒளிக்கும் ஒரு விலை உண்டு. உலகின் ஒப்பனைப் பொருள்கள் பலவற்றுக்கு மினுமினுப்பைத் தரும் மைக்கா எனும் கனியத்தின் ஒரு பகுதி, இந்தியாவின் சார்க்கண்ட், பீகார் மாநிலங்களிற் சிறுவர்கள் இறங்கித் தோண்டும் குழிகளிலிருந்து வருகின்றது. மாதவியின் நீராட்டுக் காட்சியிற் காணாத கைகள் இங்கும் காணப்படுவதில்லை.

(5)

இனி உடல் நலத்தை நோக்குவோம். தோலின் நிறம் முதன்மையாக மெலனின் என்ற நிறப்பொருளைப் பொறுத்தது. அதனை ஆக்கும் உயிர்க்கலங்களின் தொகை வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் ஏறக்குறைய ஒன்றே. ஆக்கப்படும் நிறப்பொருளின் அளவும் வகையும் பரம்பலுமே வேறுபடுகின்றன. சூரியனின் புறஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காப்பது மெலனினின் பணி. வெப்ப வலயத்து மக்களின் நிறம் குறையன்று, பாதுகாப்பு.

இப்பாதுகாப்பைக் குலைப்பதற்குப் பயன்படுத்தப்படும் பொருள்களுட் கொடியது பாதரசம். பெரிய கம்பனிகளின் பூச்சுக்கள் பொதுவாக வைட்டமின் வகையொன்றினை ஆதாரமாகக் கொண்டவை. முகவரி தெளிவற்ற மலிவான பூச்சுக்கள் பலவற்றிலேயே பாதரசம் கலக்கப்படுகின்றது. அது மெலனின் ஆக்கத்தைத் தடுத்து விரைவில் வெளிறலைத் தருவதனால், ‘சில நாட்களிற் பலன்’ என்ற வாக்குறுதி நிறைவேறியது போலத் தோன்றும். ஆனால் தோலினூடாக உட்சென்ற பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்குகின்றது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023 இல் சிறுநீரக நோயுடன் வந்தோர் சிலரிடம், அவர்கள் பூசிய வெண்மைப் பூச்சுக்களே காரணமென வைத்தியர்கள் கண்டறிந்தனர். முகம், கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும் அந்நோயின் குறிகள். வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் பூசப்படும் ஸ்டீரொயிட் மருந்துகளும் தோலை மெலியச் செய்து, நிறுத்தியவுடன் சிவந்து எரியச் செய்கின்றன.

2013 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2017 இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட ஒப்பனைப் பொருள்களை 2020 உடன் நிறுத்தக் கோரியது. 2023 மாநாடு அவ்வெல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்கள் யாவற்றுக்கும் 2025 ஐ இறுதியாண்டாக விதித்தது. இலங்கையும் இவ்வுடன்படிக்கையின் உறுப்பு நாடாகும். சட்டம் தாளில் உள்ளது. பூச்சோ சந்தையில் உள்ளது. உற்பத்தியாளர் முகவரியும் உள்ளடக்கப் பட்டியலும் இல்லாத பூச்சை வாங்காதிருத்தலும், ‘மேர்க்குரி’, ‘கலோமெல்’ என்ற சொற்கள் உள்ளனவா எனப் பார்த்தலும் ஒவ்வொருவரும் செய்யக்கூடியன. ஆயினும் பொறுப்பு நுகர்வோரின் தலையில் மட்டும் சுமத்தத்தக்கதன்று. சந்தையிலுள்ள பூச்சுக்களைச் சோதித்து முடிவுகளை மும்மொழிகளிலும் வெளியிடுதல் அரசின் கடமை; அதனைக் கோருதல் மக்கள் அமைப்புக்களின் கடமை.

(6)

பூச்சை வாங்கும் பெண்ணை நாம் பழிக்கலாகாது. நிறத்திற்கேற்பச் சீதனம் பேசப்படும் சமூகத்தில், ‘கவர்ச்சியான தோற்றம்’ வேலைக்குத் தகுதியாகக் கேட்கப்படும் சமூகத்தில், சில நூறு ரூபாய்ப் பூச்சு அவளது கணக்கில் ஒரு முதலீடு. அவள் அறியாமையினால் ஏமாறுகிறாள் என்பதிலும், தன் நிலையை நன்கறிந்து கையிலுள்ள ஒரே வழியைத் தேடுகிறாள் என்பதே உண்மைக்கு நெருங்கியது. அக்கணக்கைத் தவறென்று கூறுவதாயின், அதனைச் சரியாக்கி வைத்துள்ள சீதன முறையையும் சாதி முறையையும் வேலைச் சந்தையையும் முதலில் எதிர்த்தல் வேண்டும்.

‘கறுப்பும் அழகே’ என்ற குரல் அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. சென்னையில் 2009 இல் தொடங்கப்பட்ட அத்தகைய இயக்கமொன்று பலரின் தன்னம்பிக்கையை வளர்த்துள்ளது. அதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் பெண்ணின் பெறுமானத்தை அழகினால் அளக்கும் சந்தை அப்படியே இருக்க, அதனுள் கறுப்புக்கும் ஓரிடம் தேடுவதோடு பணி முடிந்துவிடாது. அவ்விடத்தையும் சந்தை பண்டமாக்கிக் கொள்ளும். கறுப்பு மேனிக்கெனத் தனிப் பூச்சு விற்கும்.

இலக்கிய மாணவர்களுக்கு இதில் ஒரு சிறு பணியுண்டு. ‘மாமை’ என்ற சொல்லை அதன் பொருளோடு கற்பித்தல் அப்பணி. பழம்பெருமை பேசுவதற்காக அன்று; இன்றுள்ளது என்றும் இருந்ததில்லை, ஆகவே என்றும் இருக்க வேண்டியதுமில்லை என்பதை உணர்த்துவதற்காக. தினைப்புனத்து வெயிலில் நின்றவளைத் தயக்கமின்றி ‘மாயோள்’ என அழைத்த மொழி, ‘கறுப்பென்றாலும்’ எனக் கூறக் கற்றுக்கொண்டது வரலாற்றின் ஒரு கட்டத்திலேதான். கற்றுக்கொண்ட சொல்லை மறக்கவும் முடியும். ஆனால் அச்சொல்லை ஈன்ற உறவுகள் மாறும் வரை, நா மறந்ததைச் சந்தை நினைவூட்டிக் கொண்டேயிருக்கும்.